ஆர்எக்ஸ்-8 காரின் ரெனிசிஸ் என்ஜினுக்கு டர்போ பொருத்துவது குறித்து

மெல்பர்ன்_எட்டு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். 2005ஆம் ஆண்டு தயாரான மாஸ்டா ஆர்எக்ஸ்-8 ஒன்றை மெல்பர்னில் வைத்திருக்கிறேன். அதன் ரெனிசிஸ் என்ஜின், பிஸ்டனுக்குப் பதிலாக இரண்டு முக்கோண ரோட்டர்கள் சுழலும் ரோட்டரி என்ஜின். ஆறு இன்டேக் போர்ட்டுகளும் (காற்று நுழையும் வாய்கள்) ஆறு வேக மேனுவல் கியரும் உள்ள உயர்திறன் வகை. நிமிடத்துக்கு 9000 சுற்று வரை சீராக ஏறும் அந்த என்ஜினின் இயல்பும், காரின் முன்பின் எடைச் சமநிலையும் எனக்கு மிகவும் பிடித்தவை. குறையென்று சொன்னால் ஒன்றுதான்: 4000 சுற்றுக்குக் கீழே இழுவை போதவில்லை. உச்ச முறுக்குவிசையே 216 நியூட்டன் மீட்டர்தான். அதுவும் 5500 சுற்றில்தான் கிடைக்கிறது. மலைச்சாலையில் வளைவிலிருந்து வெளியேறும்போது ஒவ்வொரு முறையும் கியரைக் குறைக்க வேண்டியிருக்கிறது.

டர்போ (புகையின் விசையால் சுழன்று என்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி) பொருத்திச் சக்கரத்தில் 280 குதிரைத்திறன் பெறலாமா என்று யோசிக்கிறேன். இதே 1308 சிசி கொள்ளளவில் எஃப்டி எனப்படும் மூன்றாம் தலைமுறை ஆர்எக்ஸ்-7இன் கடைசிக் காலக் கார்கள் 280 பிஎஸ் தந்திருக்கும்போது, அதற்குப் பின் வந்த ரெனிசிஸ் ஏன் தரக்கூடாது? பந்தய நோக்கம் எதுவும் எனக்கு இல்லை. வார இறுதிப் பயணம், எப்போதாவது ஒரு டிராக் நாள், அவ்வளவே. எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஏபெக்ஸ்_சீல் எழுதியது:

தம்பி, டர்போவைத் தேடுவதற்கு முன் கம்ப்ரெஷன் (அறைக்குள் காற்று அமுக்கப்படும் அழுத்தம்) சோதனை செய்து எண்களை இங்கே எழுதுங்கள். சாதாரண பிஸ்டன் என்ஜினுக்கான அளவுமானி இதற்கு உதவாது. ஒரு ரோட்டருக்கு மூன்று அறைகள் இருப்பதால் மூன்று அழுத்தத் துடிப்புகளையும் தனித்தனியாகக் காட்டும் ரோட்டரிக் கருவி வேண்டும். 250 சுற்றில் 830 கிலோபாஸ்கல் என்பது நல்ல என்ஜினின் அளவு; 680க்குக் கீழே போனால் என்ஜினைப் பிரிக்க வேண்டும். ஒரே ரோட்டரின் அறைகளுக்கிடையே 150, இரண்டு ரோட்டர்களுக்கிடையே 100 கிலோபாஸ்கலுக்கு மேல் வேறுபாடு இருக்கக்கூடாது.

2004 முதல் 2008 வரையிலான கார்களுக்கு அமெரிக்காவில் மாஸ்டா நிறுவனமே என்ஜின் உத்தரவாதத்தை 8 ஆண்டு அல்லது 1,00,000 மைல் என்று நீட்டித்தது. டர்போ இல்லாத நிலையிலேயே இந்த என்ஜின் எவ்வளவு கவனம் கேட்கிறது என்பதற்கு அதுவே போதுமான அடையாளம். 700 கிலோபாஸ்கலில் தள்ளாடும் என்ஜினுக்கு பூஸ்ட் (டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தம்) கொடுப்பதில் எந்தப் பயனும் இல்லை.

பக்கப்போர்ட் எழுதியது:

எஃப்டியால் முடிந்தது ரெனிசிஸால் ஏன் முடியாது என்பது நல்ல கேள்வி. அதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். இரண்டு என்ஜின்களுக்கும் கொள்ளளவு ஒன்றுதான், ரோட்டரின் அடிப்படை வடிவமும் ஒன்றுதான். புகை வெளியேறும் இடம் மட்டும் முற்றிலும் வேறு. எஃப்டியின் 13பி-ஆர்இடபிள்யூ என்ஜினில் எக்ஸாஸ்ட் போர்ட் ரோட்டர் ஹவுசிங்கின் சுற்றுச் சுவரில் இருக்கிறது. ரோட்டரின் முனையில் இருக்கும் ஏபெக்ஸ் சீல் அதைக் கடந்த கணமே போர்ட் திறந்து, சூடான வாயு நேர்கோட்டில் வெளியே பாய்ந்து, டர்போவைச் சுழற்றும் டர்பைனைக் கூர்மையான துடிப்புகளாக அடிக்கிறது. டர்போவுக்கு இதைவிட ஏற்ற எக்ஸாஸ்ட் அமைப்பு கிடைப்பது அரிது.

ரெனிசிஸில் மாஸ்டா அந்தப் போர்ட்டைப் பக்கத் தகடுகளுக்கு மாற்றியது. அதனால் இன்டேக்கும் எக்ஸாஸ்ட்டும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் நிலை அறவே நீங்கியது. எரியாத ஹைட்ரோகார்பன் குறைந்தது, மந்த ஓட்டம் சீரானது, எரிபொருள் செலவும் குறைந்தது. 2003ஆம் ஆண்டின் சர்வதேசச் சிறந்த என்ஜின் விருதை இது பெற்றதற்கு இந்த மாற்றம் முக்கியமான காரணம். டர்போ இல்லாத என்ஜினாக வடிவமைக்கப்பட்டதால் அந்த முடிவுகளெல்லாம் சரியானவை. டர்போவோடு பார்க்கும்போது அவையே தடைகளாகின்றன.

முதல் தடை: ஒவ்வொரு ரோட்டருக்கும் இரு பக்கமும் ஒவ்வொரு எக்ஸாஸ்ட் போர்ட் இருக்கிறது. ஆனால் நடுத் தகட்டில் இருக்கும் இரண்டு போர்ட்டுகளும் உள்ளேயே இணைந்து ஒரே வாயாக வெளியே வருகின்றன. எனவே மேனிஃபோல்டில் மூன்று வாய்களே உள்ளன; அவற்றில் நடு வாய் இரண்டு ரோட்டர்களின் புகையையும் சுமக்கிறது. பூஸ்ட் கூடும்போது மிக அதிகமாகச் சூடேறும் இடமும் அதுதான். புகைக்கு இரண்டு தனி வழிகள் உள்ள இரட்டைச் சுருள் டர்போ வைத்துத் துடிப்புகளைப் பிரிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். நடு வாயில் ஏற்கெனவே கலந்துவிட்ட துடிப்புகளை எந்த மேனிஃபோல்டாலும் பிரிக்க முடியாது.

இரண்டாவது தடை: பக்கத்தில் இருக்கும் போர்ட் மெல்லத் திறக்கிறது, வாயுவும் உள்ளே திரும்பி வளைந்துதான் வெளியேற வேண்டும். துடிப்பின் கூர்மை மழுங்குகிறது. அதிக சுற்றில், டர்பைனுக்கு முன் அழுத்தம் ஏறியிருக்கும் நிலையில், எரிந்த வாயுவின் ஒரு பகுதி வெளியேறாமல் அறைக்குள்ளேயே சிக்கிக்கொள்கிறது. அந்தச் சூடான மிச்சம் அடுத்த சுற்றின் கலவையையும் சூடாக்கி நாக்கிங்கை, அதாவது கலவை கட்டுப்பாடின்றித் தானே வெடிப்பதை, வரவேற்கிறது.

ஆகவே ஒரு டர்போவிடமிருந்து நீங்கள் கேட்கும் இரண்டு விஷயங்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன. கீழ்ச்சுற்றில் இழுவை வேண்டுமென்றால் சிறிய டர்பைன் வேண்டும். அந்தச் சிறிய டர்பைனோ 7500 சுற்றுக்கு மேல் புகையை மறித்து என்ஜினைச் சூடாக்கும். பெரிய டர்பைன் வைத்தால் மேலே மூச்சுவிடும், கீழே உங்கள் குறை அப்படியே இருக்கும். என் கருத்து தெளிவானது: ரெனிசிஸுக்கு 3500 முதல் 7500 வரை நிறைவாக இழுக்கும் டர்போவைத் தேர்ந்தெடுத்து, என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூவில் சுற்று வரம்பை 8000ஆகக் குறைத்துவிட வேண்டும். 9000 சுற்றின் இன்பமும் பூஸ்ட்டும் இந்த என்ஜினில் சேர்ந்து கிடைக்காது.

மூன்று_ரோட்டர் எழுதியது:

மேலே எழுதியவரின் விளக்கத்தை முழுமையாக ஏற்கிறேன். அதிலிருந்து நான் வரும் முடிவுதான் வேறு. மாஸ்டாவின் வரலாற்றையே பாருங்கள். 1982இல் 12ஏ என்ஜினோடு வந்த காஸ்மோதான் டர்போ பொருத்திய முதல் ரோட்டரி விற்பனைக் கார். அடுத்த ஆண்டு ஆர்எக்ஸ்-7க்கும் அது வந்தது. 1985இல் வந்த எஃப்சி தலைமுறையின் டர்போ என்ஜினுக்கு அமுக்க விகிதம் தொடக்கத்தில் 8.5 மட்டுமே. 1990இல் யூனோஸ் காஸ்மோவின் மூன்று ரோட்டர் 20பி இரட்டை டர்போவோடு வந்தது. எஃப்டியில் அமுக்க விகிதம் 9.0. டர்போ வைக்க வேண்டும் என்று நினைத்தபோதெல்லாம் மாஸ்டா அதற்கேற்ற ரோட்டரையும் சுற்றுச்சுவர் எக்ஸாஸ்ட் போர்ட்டையும் சேர்த்தே வடிவமைத்திருக்கிறது. ரெனிசிஸின் அமுக்க விகிதமோ 10.0; அது கூடக்கூட பூஸ்ட்டில் நாக்கிங் வரும் ஆபத்தும் கூடும்.

ரெனிசிஸில் செலவிடும் பணத்துக்கு ஒரு நல்ல 13பி-ஆர்இடபிள்யூ என்ஜினை வாங்கிப் புதிதாகக் கட்டி இந்தக் காரில் இறக்கிவிடலாம். 280 அல்ல, 350 குதிரைத்திறனும் அதற்குப் பெரிய சுமையல்ல. உதிரிபாகமும் டியூனிங் அறிவும் உலகெங்கும் கொட்டிக் கிடக்கின்றன. மூன்று வாய் மேனிஃபோல்டோடு போராடி ஆயுளைக் கழிப்பதைவிட இதுவே நேர்மையான பாதை என்று உறுதியாக நம்புகிறேன்.

மெல்பர்ன்_எட்டு எழுதியது:

விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. என்ஜின் மாற்றத்தை நானும் முதலில் எண்ணினேன். விக்டோரியா மாநிலத்தில் இத்தகைய மாற்றங்களுக்கு வாஸ் (வாகன மாற்றங்களைச் சான்றளிக்கும் திட்டம்) பொறியாளரின் சான்று தேவை. மாற்றிய பின்னும் கார் அதன் உற்பத்தி ஆண்டுக்குரிய மாசு விதிகளை நிறைவு செய்ய வேண்டும். 2002இல் உற்பத்தி நின்றுபோன எஃப்டியின் என்ஜினை 2005ஆம் ஆண்டுக் காரில் வைத்து அந்தச் சான்றைப் பெறுவது மிகக் கடினம். டர்போவுக்கும் சான்று வேண்டும்தான். ஆனால் மூல என்ஜினும், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரும் இருந்த இடத்திலேயே இருப்பதால் அது ஓரளவு கைக்கெட்டும் பாதை. எனவே விவாதத்தை ரெனிசிஸோடு நிறுத்திக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன்.

சோதனையும் செய்துவிட்டேன். முன் ரோட்டர் 810, 800, 810; பின் ரோட்டர் 780, 790, 780. அடுத்தது எரிபொருளா, குளிர்விப்பா?

கலவை_விகிதம் எழுதியது:

எண்கள் நன்றாக இருக்கின்றன. பின் ரோட்டர் சற்றுக் குறைந்திருந்தாலும் கவலைப்பட ஒன்றுமில்லை. டியூனிங் தொழிலில் இருப்பவள் என்ற முறையில் எரிபொருளிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் நான் பார்த்த உடைந்த ரெனிசிஸ்களில் பெரும்பாலானவற்றைக் கொன்றது டர்போ அல்ல, எரிபொருள் போதாமையும் பற்றவைப்புக் கோளாறும்தான்.

முதலில் காற்றைக் கணக்கிடுவோம். ரோட்டர்கள் சுழற்றும் எக்சென்ட்ரிக் ஷாஃப்ட்டின் ஒரு சுற்றுக்கு ஒவ்வொரு ரோட்டரும் ஒரு முறை எரிப்பை நிகழ்த்துகிறது. அதனால் 1308 சிசி என்று எழுதியிருந்தாலும், காற்று விழுங்கும் அளவில் இது 2.6 லிட்டர் நான்கு வீச்சு என்ஜினுக்குச் சமம். டர்போவையும் அந்த அளவுக்கே தேர்ந்தெடுக்க வேண்டும். 8000 சுற்றில், கசிவும் தடையும் இல்லையென்று வைத்துக்கொண்டால், நிமிடத்துக்கு ஏறத்தாழ 10,460 லிட்டர், அதாவது சுமார் 12.5 கிலோ காற்று. அரை பார், அதாவது 7 பிஎஸ்ஐ அளவு பூஸ்ட்டும் டர்போவில் சூடான காற்றைக் குளிர்விக்க ஓரளவு நல்ல இன்டர்கூலரும் இருந்தால் அது 17 கிலோவை எட்டும். ரோட்டரிக்குப் பாதுகாப்பான 11.3 என்ற காற்று எரிபொருள் விகிதத்தை வைத்தால் நிமிடத்துக்கு ஒன்றரைக் கிலோ, அதாவது இரண்டு லிட்டர் பெட்ரோல் வேண்டும். மூல இன்ஜெக்டர்கள் ஆறும் தொட்டியில் இருக்கும் பம்பும் இந்தத் தேவைக்காக அளவிடப்பட்டவை அல்ல. பெரிய இரண்டாம் நிலை இன்ஜெக்டர்களும் வலுவான பம்பும் டர்போவோடு அதே நாளில் காருக்குள் போக வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடும் பொருட்கள் அல்ல அவை.

திறனைப் பற்றி நேர்மையாகச் சொல்கிறேன். மூல நிலையில் இந்தக் கார் டைனோவில் (திறனை அளக்கும் கருவியில்) சக்கரத்தில் 180 முதல் 190 குதிரைத்திறன் காட்டும். அரை பாரில் 250ஐச் சுற்றி எதிர்பார்க்கலாம். 280 வேண்டுமென்றால் பூஸ்ட்டை 0.7 பாருக்கு மேல் ஏற்ற வேண்டியிருக்கும், அந்த இடத்தில்தான் பக்கப்போர்ட் ஐயா சொன்ன வெப்பம் கணக்குக் கேட்கத் தொடங்கும். 250இல் நிறுத்திக்கொள்ளுங்கள் என்பது என் வேண்டுகோள். உங்களுக்கு உண்மையில் வேண்டியது 4000 சுற்றில் முறுக்குவிசை. அது 250லேயே வந்துவிடும்.

அடுத்து பற்றவைப்பு. மூல இக்னிஷன் காயில்கள் என்ஜின் சூட்டில் மெல்ல மெல்ல வலுவிழப்பது ஆர்எக்ஸ்-8 வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்ததே. காயில் தளர்ந்தால் எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போய் எரிகிறது. கன்வர்ட்டர் உருகி அடைகிறது. அடைப்பு என்ஜினைச் சூடாக்குகிறது. டர்போ இல்லாமலே பல என்ஜின்கள் இந்த வழியில்தான் போயின. பூஸ்ட்டில் தீப்பொறிக்கு இன்னும் கூடுதல் மின்னழுத்தம் தேவைப்படும் என்பதால் நான்கு காயில்களையும் வலுவானவையாக மாற்றிவிடுங்கள். ஒவ்வொரு ரோட்டருக்கும் முதலில் பற்றும் லீடிங், பிறகு பற்றும் டிரெய்லிங் என்று இரண்டு ஸ்பார்க் பிளக்குகள்; லீடிங்குக்கு 7, டிரெய்லிங்குக்கு 9 என்பது மூல வெப்ப எண். பூஸ்ட்டுக்கு நான்கும் 9ஆக இருக்கட்டும். பூஸ்ட் ஏறும் பகுதியில் லீடிங் பற்றவைப்பைத் தாமதப்படுத்தி, டிரெய்லிங் பிளக் அதற்கும் 10 முதல் 15 டிகிரி பின்னால் பற்றும்படி இடைவெளி வைத்தே நான் தொடங்குவேன். உச்சத் திறனில் சிறிது குறையும், ஆனால் ரோட்டரியில் நாக்கிங்குக்கு இரண்டாவது வாய்ப்பு கிடையாது. பிஸ்டன் என்ஜின் பல முறை தாங்கிக்கொள்ளும் அதிர்ச்சியை, 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஏபெக்ஸ் சீல் ஒரு முறைகூடத் தாங்காமல் உடையலாம். உடைந்த துண்டு ஹவுசிங்கைக் கீறிவிட்டு டர்பைன் வழியாக வெளியேறும், ஒரே நொடியில் மூன்று பாகங்கள் வீண்.

98 ஆக்டேன் பெட்ரோலையே எப்போதும் நிரப்புங்கள்.

ஏபெக்ஸ்_சீல் எழுதியது:

சீலின் தடிமன் பற்றி அக்கா சொன்னதோடு ஒரு செய்தியைச் சேர்க்கிறேன். 2023இல் எம்எக்ஸ்-30 காருக்கு மாஸ்டா கொண்டுவந்த ஒற்றை ரோட்டர் 8சி என்ஜினில் ஏபெக்ஸ் சீல் 2.5 மில்லிமீட்டர். மின்சாரம் உற்பத்தி செய்ய மட்டுமே ஓடும் 830 சிசி என்ஜினுக்கே சீலைத் தடிமனாக்கியிருக்கிறார்கள்.

பக்கப்போர்ட் எழுதியது:

கலவை விகிதம் அவர்கள் எழுதியதில் எனக்கு ஒரே ஒரு வேறுபாடு: எரிபொருளுக்கும் முன்பாகக் குளிர்விப்பை வைப்பேன். மெல்பர்ன் கோடையில் 40 டிகிரி வெயில் புதிதல்ல. அந்த நாளில் அரை பார் பூஸ்ட்டில் கம்ப்ரெஸரை விட்டு வெளியேறும் காற்று 95 டிகிரியை நெருங்கும். அதை 60க்குக் கொண்டுவர முன்பக்கத்தில் பெரிய இன்டர்கூலர் வேண்டும். அது ரேடியேட்டருக்குப் போகும் காற்றை மறிக்கும். எனவே ரேடியேட்டரையும் சேர்த்துப் பெரிதாக்காமல் இன்டர்கூலரை மட்டும் மாட்டுவது பாதி வேலை.

எண்ணெய் விஷயத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ரோட்டரியில் ரோட்டர்களைக் குளிர்விப்பது தண்ணீர் அல்ல, ரோட்டருக்குள் பீய்ச்சப்படும் என்ஜின் எண்ணெய். உங்கள் காரில் இரண்டு எண்ணெய்க் கூலர்கள் முன் பம்பரின் இரு மூலைகளிலும் இருக்கும். அவற்றின் துடுப்புகள் கல்லும் மண்ணும் அடைந்து கிடந்தால் முதலில் அவற்றைச் சுத்தம் செய்யுங்கள். எண்ணெய் 110 டிகிரியைத் தாண்டினால் காலை எடுத்துவிட வேண்டும். இதற்கு டாஷ்போர்டில் இருக்கும் மூல மானிகளை நம்பாதீர்கள். வெப்ப மானியின் முள், என்ஜின் ஓரளவு அதிகமாகச் சூடேறும் வரை நடுவிலேயே நிற்கும்படி அமைக்கப்பட்டது; எண்ணெய் அழுத்த முள்ளும் உண்மையான அழுத்தத்தைத் தொடர்ந்து காட்டுவதில்லை. தண்ணீர் வெப்பம், எண்ணெய் வெப்பம், எண்ணெய் அழுத்தம், பூஸ்ட், காற்று எரிபொருள் விகிதம் ஆகியவற்றுக்குத் தனி மானிகள் வைத்த பிறகே டர்போ பெட்டியைத் திறப்பேன்.

இன்னொன்று. இந்தக் காரில் என்ஜின் மிகத் தாழ்வாக அமர்ந்திருக்கிறது. டர்போவின் தாங்கியிலிருந்து எண்ணெய் தன் எடையால் மட்டுமே கீழே வடிய வேண்டும். டர்போ எண்ணெய்த் தட்டின் மட்டத்துக்கு அருகில் வந்துவிட்டால் எண்ணெய் தேங்கி, சீலைத் தாண்டி, வெண்புகையாக வெளியேறும். உயரம் கிடைக்காவிட்டால் உறிஞ்சு பம்ப் ஒன்று கட்டாயம்.

மூன்று_ரோட்டர் எழுதியது:

சட்டம் இடம் தராதபோது ஆர்இடபிள்யூவை வலியுறுத்த மாட்டேன். அப்படியானால் தம்பிக்கு ஒரு மாற்று யோசனை: கீழ்ச்சுற்று இழுவைதான் குறையென்றால் முதலில் பின்னச்சின் பல்விகிதத்தைப் பாருங்கள். மூல விகிதம் 4.444. இதைவிடக் குறுகிய, அதாவது எண்ணில் பெரிய, விகிதம் வைத்தால் எல்லா கியரிலும் இழுவை கூடும், என்ஜின் வழக்கமாகவே கூடுதல் சுற்றில் இருக்கும், 9000 சுற்றும் உங்களிடமே இருக்கும். நெடுஞ்சாலையில் சத்தமும் எரிபொருள் செலவும் கொஞ்சம் கூடும்.

அதோடு இன்டேக் வால்வுகளையும் சோதியுங்கள். துணை ஷட்டர் வால்வு ஏறத்தாழ 3750 சுற்றிலும், கூடுதல் போர்ட் வால்வுகள் 6250ஐ ஒட்டியும் திறக்க வேண்டும். இந்த வயதுள்ள கார்களில் கரி படிந்து அவை சிக்கிக்கொள்வது சாதாரணம். அவை சிக்கியிருந்தால் கார் மந்தமாகத்தான் ஓடும், டர்போ மாட்டினாலும் பூஸ்ட் பாதி போர்ட்டுகள் வழியாகவே போகும்.

மெல்பர்ன்_எட்டு எழுதியது:

பல்விகித யோசனை மதிப்புள்ளது. ஆயினும் நான் தேடுவது முறுக்குவிசையின் இயல்பையே மாற்றுவது. எனவே 250 குதிரைத்திறன், அரை பார், 8000 சுற்று வரம்பு என்று இலக்கைத் திருத்திக்கொள்கிறேன். வால்வுகளைக் கழற்றிப் பார்ப்பது, காயில்கள், மானிகள், ரேடியேட்டர் ஆகியவை இந்தக் குளிர்காலத்தில். டர்போவும் இன்ஜெக்டரும் பம்பும் அதற்குப் பின் ஒன்றாக.

ஒரு கேள்வி மீதமிருக்கிறது: சீல்களுக்கு வழுவழுப்புத் தர ஹவுசிங்குக்குள் எண்ணெய் செலுத்தும் மீட்டரிங் பம்பை அப்படியே விடலாமா, அல்லது பெட்ரோலில் எண்ணெய் கலப்பதே போதுமா?

கலவை_விகிதம் எழுதியது:

இரண்டும் வேண்டும். மீட்டரிங் பம்பைக் கழற்றிவிட்டுக் கலவையை மட்டும் நம்புபவர்கள் உண்டு. சாலையில் ஓடும் காருக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன், ஏனென்றால் ஒரு முறை கலக்க மறந்தால் போதும். பம்ப் எவ்வளவு எண்ணெய் தர வேண்டும் என்பதைச் சுற்றையும் சுமையையும் வைத்து இசியூ தீர்மானிக்கிறது. பூஸ்ட்டில் சுமை மூல அட்டவணையின் எல்லையைத் தாண்டிவிடும் என்பதால், டியூனிங் செய்பவரிடம் அந்த அட்டவணையின் மேற்பகுதியை உயர்த்தும்படி தனியாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பலர் அதைத் தொடுவதில்லை. மாஸ்டாவே 2009 மாதிரியில் ஒவ்வொரு ஹவுசிங்குக்கும் மூன்றாவது எண்ணெய் முனை சேர்த்தது. உங்களுடைய 2005 மாதிரியில் அது இல்லாததால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 5 முதல் 8 மில்லிலிட்டர் நல்ல இரண்டு வீச்சு எண்ணெய் கலந்து அந்த இடைவெளியை நிரப்புங்கள். சாம்பல் குறைவாக விடும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். பக்கச் சீல்கள் எக்ஸாஸ்ட் போர்ட்டுகளின் மேலேயே உரசிச் செல்லும் இந்த என்ஜினில், படியும் கரி அந்தச் சீல்களையே முதலில் பிடித்துக்கொள்ளும்.

முதல் டைனோ ஓட்டத்தை வேஸ்ட்கேட் (பூஸ்ட்டைக் கட்டுப்படுத்தும் வால்வு) ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் மட்டும் செய்து, பதிவுக் கோப்பை இங்கே இடுங்கள். 4000க்கும் 6500க்கும் இடையே கலவை எப்படி இருக்கிறது என்று பார்த்த பிறகு பூஸ்ட்டைத் தொடலாம்.